வருஷா வருஷம் அதே தேதி

மயூர் விஹார், தில்லி
8 ஜூலை 2025

சேஷு,

“அன்புள்ள”ன்னு ஆரம்பிக்கணும். கை வரலை. உனக்கு வெறும் சேஷு போதும்.

இந்தக் காலத்துல அக்கா தம்பிக்கு ஸ்பீட் போஸ்ட்ல கடுதாசி போடறாளேன்னு உன் பொண்ணு பிரியதர்ஷினி அங்க புனேல சிரிப்பா. சிரிக்கட்டும். மே மாசம் நீ கதவை அறைஞ்சு சாத்திண்டு போன அன்னிக்கு, கடையில டப்பா கட்டற மாலா கையில என் போனைக் கொடுத்து, “இந்தக் கடன்காரனை பிளாக் பண்ணுடி”ன்னேன். பண்ணிட்டா. எடுக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாது. அவகிட்டயே போய் “எடுத்துடும்மா”ன்னு நின்னா, பாக்கிங் மேஜையே சேர்ந்து சிரிக்கும். அதுக்குத் தபால்காரனே தேவலை.

விஷயத்துக்கு வரேன். ஜனக்புரி பிரதீப் ஆத்துல நம்ம மானம் போச்சு.

அவன் அப்பாவோட திதி. ஆனி மாசம், கிருஷ்ண பக்ஷ துவாதசி. பதினோரு வருஷமா நம்ம சமையல்தான். பிரதீப் தில்லியிலேயே பொறந்து வளர்ந்தவன். நாப்பது வயசாறது, பஞ்சாங்கத்தைக் கையில கொடுத்தா எந்தப் பக்கம் மேலேன்னு கேப்பான். “வசுமதி மாமி போன் பண்ணுவா, அன்னிக்கு லீவு போடணும்.” அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நாம நாள் பார்த்துச் சொல்லணும், நாம வாத்தியாரை அனுப்பணும், நாம மடியா சமைச்சு பத்து மணிக்குள்ள டப்பாவைக் கொண்டு இறக்கணும். அதுக்குத்தானேடா நம்மகிட்ட வரா?

இந்தத் தடவை போன் போகலை. ஏன் போகலை? கடை நம்பர் இருக்கற போன் உன் பெட்டியில. சிம் உன் பேர்ல. எல்லாரோட நம்பரும் அதுக்குள்ள. நீ கிளம்பறதுக்கு முன்னாடி பெரிய மனசு பண்ணி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டுப் போனியே ஜூன், ஜூலை லிஸ்ட், அதுல பேர் இருக்கு, பேட்டை இருக்கு, தேதி இருக்கு. போன் நம்பர் கிடையாது. திதின்னு ஒரு கட்டமே கிடையாது. ஜூன்ல எட்டு வீடு. எட்டு பேரும் அவாளே பஞ்சாங்கம் பார்த்துட்டு, கடை நம்பர் அணைஞ்சு கிடக்கேன்னு சில்லா காவ்ல நம்ம கடை வரைக்கும் நேர்ல வந்து, “மாமி, தேதி அது இல்லையே”ன்னா. லிஸ்ட் தப்புன்னு நன்னாத் தெரியறது. சரி எதுன்னு யார்கிட்டடா போய்க் கேப்பேன்?

பிரதீப்புக்கு ஜூலை மூணுன்னு போட்டிருந்தது. வாத்தியாரைக் கேக்கணும்னு கூடத் தோணாம நானும் அடுப்படி ராஜியும் பன்னெண்டு பேருக்குச் சமைச்சோம். எப்பவும் போல டப்பாவைக் காத்தவராயன் எடுத்துண்டு போனான். அவன் நிலைமை இப்ப இன்னும் மோசம். நம்ம தமிழ்க்காரா குடிசை போட்டிருந்த அந்த மதராசி கேம்ப்பை இடிச்சப்பறம், ஊர்க்கோடியில நரேலால கொண்டு போய்ப் போட்டிருக்கா. ரெண்டு பஸ்சும் மெட்ரோவும் மாறி இங்க வந்து, ஸ்கூட்டரை எடுத்துண்டு ஜனக்புரி போயிருக்கான். பிரதீப்போட அம்மா கதவைத் திறந்து, “இன்னிக்கு என்னப்பா?”ன்னாளாம். “திதிம்மா”ன்னானாம். மாமி உடனே வாத்தியாருக்கு போன் போட்டா. மாமி திதியைச் சொல்ல, அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, “அது போன மாசமே போயாச்சே, பத்து நாளைக்கு மேல ஆச்சே”ன்னுட்டார்.

மாமி கத்தலையாம். திட்டலையாம். வாசப்படியில உக்காந்துண்டு, “அவருக்கு இந்த வருஷம் ஒண்ணுமே போகலையா?”ன்னு காத்தவராயனைக் கேட்டாளாம். டப்பாவைத் திருப்பிக் கொண்டு வந்து என் முன்னாடி வெச்சுட்டு, “இனிமே அந்த வூட்டுக்கு என்னை அனுப்பாதீங்கம்மா”ன்னான்.

செப்டம்பர் எட்டாம் தேதி மஹாளய பக்ஷம் ஆரம்பிக்கறது. இருநூத்துப் பன்னெண்டு குடும்பம். லாப்டாப்பையும் போனையும் பார்சல்ல அனுப்பு. “எல்லாத்தையும் தூக்கிண்டு போ”ன்னா உடனே தூக்கிண்டு போயிடறதா? கோவத்துல நான் ஆயிரம் சொல்லுவேன். இத்தனை வருஷத்துல நான் சொன்ன வேற ஏதாவது ஒண்ணைக் கேட்டிருக்கியா நீ?

வசுமதி

புனே
14 ஜூலை 2025

அக்காவுக்கு நமஸ்காரம்.

பிரியதர்ஷினி சிரிக்கலை. உறையைப் பார்த்துட்டு, “கோர்ட் நோட்டீஸா அப்பா?”ன்னு பயந்துட்டா.

பிரதீப் விஷயம் படிச்சப்பறம் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கலை. அதை முதல்லயே சொல்லிடறேன். இல்லேன்னா கல்நெஞ்சுக்காரன்பே.

லாப்டாப்பைத் திறந்து பார்த்தேன். தப்பு என்னோடதுதான். போன வருஷம் உன் சுவர்க் காலண்டரைப் பார்த்து ஒவ்வொரு வீட்டையும் ஏத்தினேன் இல்லையா? தேதியைப் போட்டதும், “வருஷா வருஷம் இதே தேதியா?”ன்னு கேட்டுது. ஆமாம்னு டிக் போட்டேன். இருநூத்துப் பன்னெண்டு தடவை போட்டேன். திதி வருஷத்துக்கு வருஷம் நகரும்னு எனக்குத் தெரியாதா? பூணல் போட்ட நாள்லேருந்து தெரியும். டிக் போடற கைக்குத் தோணலை. பொறந்தநாள் மாதிரி நினைச்சுண்டு போட்டுட்டே போயிட்டேன். சித்திரையில ரெண்டு பேர் தேதி தப்புன்னு சொன்னப்ப, நீதான் காலண்டர்ல தப்பா எழுதியிருக்கேன்னு உன்கிட்ட சண்டை போட்டேன். அதுக்கும் சேர்த்து மன்னிச்சுக்கோ.

மன்னிப்பு கேட்டாச்சு. இப்ப என் பங்கைக் கேளு.

முப்பது வருஷம் அரசாங்கக் கம்பெனியில ஃபைல் தள்ளினவன் நான். அங்க ஒரு பென்சில் வாங்கணும்னாலும் எதுக்கு, யாருக்கு, யார் பொறுப்புன்னு நோட் போடணும். நம்ம கடையில என்ன நடந்தது? பக்கத்துக் கடைக்காரன் டாப்லெட் வெச்சிருக்கான்னு ஒரு டாப்லெட். டப்பாவுக்குப் பேர் ஒட்டணும்னு ஒரு லேபிள் மிஷின். யாரோ ஒருத்தர் மருமான் சும்மா போட்டுத் தரேன்னான்னு ஒரு வெப்சைட். ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு அவசரத்துல வந்தது. நமக்கு எது வேணும், அது எங்க இருக்கணும், யார் கையில இருக்கணும்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், உக்காந்து பேசியிருக்கோமா? எத்தனை தடவை கூப்பிட்டேன்! “வடை எரியறதுடா, அப்பறம் பார்க்கலாம்”பே. ஆறு வருஷமா அந்த வடை எரிஞ்சுண்டே இருக்கு.

சிம்மை என் பேர்ல வாங்கினது திருட்டுத்தனம் இல்லை. அன்னிக்கு உன் ஆதார் கார்டு கிடைக்கலை, அரிசி டப்பாவுல வெச்சுட்டு மறந்துட்டே.

பழைய தேதியை வெச்சு போன வருஷப் பஞ்சாங்கத்துல திதியைக் கண்டுபிடிச்சுடலாம். ரெண்டே நாள் வேலை. பண்ணித் தரேன். ஆனா லாப்டாப்பை இப்ப அனுப்ப மாட்டேன். அனுப்பினா நீ எண்ணெய்க் கையோட அதைத் தொட்டுட்டு, “வேலை செய்யலை”ம்பே. முதல்ல எனக்குப் பதில் எழுது. கடைக்கு மறக்கவே கூடாதது என்ன? அதை யார் பார்த்துக்கணும்? அவா இல்லேன்னா யாரு? ரெண்டாவது பிரதி எங்க இருக்கும்? நாளைக்கே நான் செத்துப் போனா அந்த போனை யார் திறப்பா?

கத்தாம எழுது. அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் நீ அவ குரல்லதான் கத்தறே.

சேஷு

மயூர் விஹார்
20 ஜூலை 2025

சேஷு,

நன்னா கத்துவேன். கடுதாசியில கத்தினா யாருக்குக் காது வலிக்கப் போறது?

பரீட்சை பேப்பர் அனுப்பியிருக்கியே, வெக்கமா இல்லை? வீடு பத்திண்டு எரியறது, இவன் வாளியைக் கையில வெச்சுண்டு, “தண்ணி எதுக்குன்னு நோட் போடு”ங்கறான்! பிரதீப் ஆம் போச்சு. மயூர் விஹார்ல ரெண்டு குடும்பம் நொய்டாக்காரியோட சமையலுக்கு மாறிண்டாச்சு. “மாமி, நீங்க ஞாபகம் வெச்சுப்பேள்னுதான் உங்ககிட்ட வந்தோம். சமையல் எல்லாரும்தான் பண்றா”ன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டுப் போனா. நான் சிரிச்சுண்டே கதவைச் சாத்திட்டு, உள்ள போய் ராஜி மேல எரிஞ்சு விழுந்தேன். அவ பாவம், தேங்கா திருகிண்டிருந்தா.

நீ வாங்கிப் போட்ட சாமானோட யோக்யதையையும் கேட்டுக்கோ. டாப்லெட் மேல இப்ப மாவுக் கிண்ணம் இருக்கு, மட்டமா இருக்கறதால. லேபிள் மிஷின் எல்லா டப்பாவுக்கும் “சர்மா ஜி”ன்னு அடிக்கறது. யார் அந்த சர்மான்னு இன்னி வரைக்கும் தெரியலை. வெப்சைட்ல வெண்டைக்காய் கறின்னு போட்டு, பனீர் படம் வெச்சிருக்கான் அந்த மருமான். திதிச் சமையலுக்குப் பனீர்! வாத்தியார் பார்த்துட்டு, “என்ன மாமி, புதுசா?”ன்னார். மாத்தச் சொல்லலாம்னா அவன் கனடா போயிட்டான், பாஸ்வேர்டும் அவனோட போயிடுத்து.

இதெல்லாம் யார் கொண்டு வந்தது? நானா? கேக்காம வாங்கறது நீ. கத்துக்கோன்னு சொல்லிட்டு, கத்துக் கொடுக்கறதுக்குள்ள “நகரு அக்கா, நானே பண்றேன்”னு பிடுங்கறது நீ. எல்லாத்தையும் உன் மண்டைக்குள்ள பூட்டி வெச்சுண்டு, அந்த மண்டையைத் தூக்கிண்டு புனே போயிட்டே.

ஆனா கேட்டுட்டே, பதில் எழுதறேன். இது நீ ஜெயிச்சதா அர்த்தம் இல்லை.

மறக்கவே கூடாதது திதி. எந்த மாசம், எந்தப் பக்ஷம், எந்தத் திதி, யாருக்கு, எத்தனை இலை. அப்பறம் அந்த வீட்டு போன் நம்பர். பார்த்துக்க வேண்டியது மாலா. ஆமாம், மாலா. நான் இல்லை, நீயும் இல்லை. இங்க பன்னெண்டு மணி நேரம் இருக்கறவ அவதான், தமிழும் ஹிந்தியும் எழுதத் தெரியும், என்னை மாதிரிக் கோவப்படவும் மாட்டா. அவ இல்லேன்னா ராஜி. ரெண்டாவது பிரதி வேற ஒரு வீட்டுல இருக்கணும். நீ செத்துப் போனா யார் திறப்பான்னு கேட்டிருக்கே. வாயைக் கழுவு.

எழுதும்போது எனக்கே ஒண்ணு தோணித்து. இதை மூணு வருஷத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் உக்காந்து பேசியிருந்தா அந்த மாமி வாசப்படியில உக்காந்திருக்க மாட்டா. இதுக்காக உன் மேல எனக்குக் கோவம். என் மேலயும்தான், ஆனா அதை உனக்கு எதுக்குச் சொல்லணும்.

லாப்டாப் வரணும். ஜல்தி.

வசுமதி

புனே
27 ஜூலை 2025

அக்கா,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம மூணு தாளைக் கிழிச்சுப் போட்டேன்.

லாப்டாப் போயிடுத்து.

உன் கடுதாசி வந்த அன்னிக்கே உக்காந்து திதி எல்லாம் சரி பண்ண ஆரம்பிச்சேன். நாப்பது வீடு முடிச்சேன். இங்க அடை மழை. ஜன்னலோரம் மேஜையில வெச்சுட்டு, பிரியதர்ஷினியோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன், உண்டாயிருக்காளே, அவளுக்கு மாசாந்திர செக்கப். ஜன்னல் கதவு காத்துல திறந்துண்டிருக்கு. வந்து பார்த்தா லாப்டாப் தண்ணியில உக்காந்திருக்கு. அரிசியில புதைச்சு வெச்சேன், ஃபேன் அடியில வெச்சேன், ரெண்டு கடையில காமிச்சேன். உள்ள எதுவும் எடுக்க முடியாதுன்னு கையை விரிச்சுட்டா.

வேற எங்கயும் பிரதி இல்லை. உன்கிட்ட “ரெண்டாவது பிரதி எங்க”ன்னு நீட்டி முழக்கிக் கேட்டேனே, அந்தப் பெரிய மனுஷன் நான்தான். எனக்கே என்னைச் செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு. நீ முதல் கடுதாசியில கேட்டப்பவே அனுப்பியிருந்தா இது நடந்திருக்காது. பிடிவாதம் பிடிச்சு வெச்சுண்டேன். பதில் எழுதினாத்தான் தருவேன்னேன். நீ எழுதின பதிலும் நன்னா இருந்தது, என் கேள்வியை விட நன்னா இருந்தது.

சிம்மோட கடை போனையும் இதோட சேர்த்து அனுப்பறேன். அதுல முன்னூத்துச் சொச்சம் வாய்ஸ் மெசேஜ் இருந்தது. ஒண்ணொண்ணா கேட்டேன். “மாமி, போன் ஏன் எடுக்கலை? எங்க அம்மா திதி எப்போ?” திருப்பித் திருப்பி இதே கேள்விதான். கேக்கக் கேக்க எனக்கு அழுகையே வந்துடுத்து.

போன் நம்பர் எல்லாம் சிம்மிலேயே இருக்கு, அது மட்டும் தப்பிச்சுது. திதிகள் இல்லை.

உன் பழைய சுவர்க் காலண்டர் ஏதாவது இருக்கா? லாப்டாப் வந்தப்பறம் எதுக்கு அந்தக் குப்பைன்னு நான்தான் தூக்கிப் போடச் சொன்னேன். போட்டிருப்பே. நான் சொன்னதுல அதை மட்டும் கேட்டிருப்பே.

சேஷு

மயூர் விஹார்
2 ஆகஸ்ட் 2025

சேஷு,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு சாமான் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திண்டேன். மாலா பயந்து போய் ராஜியைக் கூட்டிண்டு வந்துட்டா, மாமிக்கு ஏதோ ஆயிடுத்துன்னு. அப்பறம் கதவைத் திறந்துண்டு வந்து பேச ஆரம்பிச்சேன். என்ன பேசினேன்னு எழுத மாட்டேன், தபால்காரன் பாவம்.

காலண்டரைப் பத்தி மட்டும் கேளு. நான் தூக்கிப் போடத்தான் சொன்னேன். ராஜி போடலை. நல்ல கெட்டித் தாள்னு மாசாமாசம் கிழிச்சு மசாலா ஷெல்ஃபுக்கு விரிச்சிருக்கா, சாமான் ரூம்ல டின் அடியில வெச்சிருக்கா. நேத்துக் கார்த்தாலேருந்து சாமானை எல்லாம் இறக்கி, ஒவ்வொண்ணா உருவி எடுத்துண்டிருக்கோம். ஜனவரி மஞ்சப்பொடிக்கு அடியில. மார்ச்ல பாதியை எலி தின்னுடுத்து, மீதி இருக்கு. அக்டோபர்ல எண்ணெய் ஊறி, வெளிச்சத்துல பிடிச்சா ரெண்டு பக்கமும் தெரியறது. ஆனா என் கையெழுத்து இருக்கு. கட்டத்துக்குக் கட்டம் வீட்டுப் பேர், இலைக் கணக்கு, திதி அச்சுலயே இருக்கு. உன் லாப்டாப்பை விட ராஜியோட ஷெல்ஃப் கெட்டிக்காரத்தனமா இருக்குடா!

ஆகஸ்ட் தாள்தான் காணலை. இப்ப அவசரமா வேண்டியதே அதுதான். அதனால காத்தவராயனை உக்கார வெச்சேன். அவனுக்குத் திதியும் தெரியாது, தேதியும் தெரியாது. ஆனா வீடு வீடா சொல்றான். “நீல கேட்டு, நாய் கட்டியிருக்கும், மூணாவது மாடி, போன வருசம் ஆவணி அவிட்டத்துக்கு நாலு நாள் முன்னாடி போனேம்மா, படியெல்லாம் பூணூல் விக்கிறவன் உக்காந்திருந்தான்.” “ஆர்.கே. புரம், லிஃப்ட் ரிப்பேரு, சுதந்திர தின ரிகர்சல்ல ரோடு அடைச்சுட்டான்.” இப்படியே பதினாறு வீடு சொன்னான். மாலா கடை நம்பர்லேருந்து பதினாறு பேருக்கும் போன் பண்ணி, “மாமி ஆத்துலேருந்து பேசறேன், திதி இன்னின்ன நாள், சரிதானே?”ன்னு கேட்டா. எல்லாம் சரி. ஒண்ணு கூடத் தப்பலை. மெசேஜ் அனுப்பினவாளையும் கூப்பிட்டுப் பேசியாச்சு. பிரதீப்போட அம்மாவை நானே போய்ப் பார்த்தேன், கையைப் பிடிச்சுண்டு மன்னிப்பு கேட்டேன். வர்ற மஹாளயத்துக்கு நம்ம சமையல்தான்னு சொல்லியிருக்கா.

ரெண்டு நாளா அடுப்பு பத்த வைக்கலை, இன்னிக்குச் சமையல் எதுவும் இல்லைன்னு மாலா சொன்னா. மத்தியானம் அவளும் நானும் முக்குக் கடையில சோலே பட்டூரே வாங்கி, மேல பச்சை வெங்காயத்தைத் தூவிண்டு, தரையில உக்காந்து சாப்பிட்டோம். ரொம்ப நாளைக்கப்பறம் நிம்மதியா சாப்பிட்டேன்.

உன் மேல கோவம் போகலை. ஆனா மண்டையைத் திரும்பக் கொண்டு வரலாம்னு வேணும்னா வெச்சுக்கோ. சிம்மை என் பேருக்கு மாத்தறதுக்கு நீ நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்கறான் கம்பெனிக்காரன்.

வசுமதி

புனே
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சோலே பட்டூரேன்னு எழுதி வயத்தெரிச்சலைக் கிளப்பறே. இங்க எல்லாத்துலயும் சக்கரை போடறா.

காத்தவராயனுக்கு ஒரு சால்வை போர்த்தணும். ஆனா அக்கா, கோவிச்சுக்காதே. அவனும் ஒரு மண்டைதான். என் மண்டை புனே வந்த மாதிரி, அவன் மண்டை நரேலாலேருந்து ஒரு நாள் வராம இருக்கலாம். ராஜியோட ஷெல்ஃபும் அதிர்ஷ்டம்தான், திட்டம் இல்லை. எலி கொஞ்சம் பசியோட இருந்திருந்தா மார்ச் மாசம் முழுக்கப் போயிருக்கும்.

அதனால நீ எழுதின பதிலை வெச்சே ஒரு ஏற்பாடு யோசிச்சேன். புது லாப்டாப் வேண்டாம், எதுவும் வாங்க வேண்டாம், பயப்படாதே. மாலா ஒரு பெரிய நோட்டுல எழுதட்டும். மாசம், பக்ஷம், திதி, யாருக்கு, எத்தனை இலை, போன் நம்பர். இங்கிலீஷ் தேதியே கூடாது. மாவுக் கிண்ணத்தை எடுத்துட்டு அதையே அந்த டாப்லெட்லயும் ஏத்தட்டும், நான் சொல்லிக் கொடுக்கறேன், பிடுங்க மாட்டேன், சத்தியம். சித்திரை மாசப் பிறப்பு அன்னிக்கு எல்லாரும் பஞ்சாங்கத்தோட உக்காந்து, அந்த வருஷத்துக்கு மட்டும் தேதி போடணும். வருஷா வருஷம் திரும்பப் போடணும், டிக் கிடையாது. மாசத்துக்கு ஒரு தடவை பிரதி எடுத்து ஒண்ணு உன் ஆத்துல, ஒண்ணு ராஜி ஆத்துல. சிம், ஈமெயில், வெப்சைட் எல்லாம் கடை பேர்ல. பாஸ்வேர்டை எழுதி ஒட்டின உறையில போட்டு, உன் அரிசி டப்பாவுல வை. நீ எதை மறந்தாலும் அரிசி டப்பா இருக்கற இடத்தை மறக்க மாட்டே. அதுக்கப்பறம்தான் மிஷின் வேணுமா, எதுக்கு வேணும்னு பேசறது. அந்த லேபிள் மிஷினை சர்மா ஜிக்கே கொடுத்துடு.

எழுதி முடிச்சதும் முழு லிஸ்ட்டையும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. எதுவும் விட்டுப் போச்சான்னு நான் இங்கேருந்து சரி பார்க்கறேன். ரெண்டு பேர் பார்த்தா எதுவும் தப்பாது.

ஆடி முடியப் போறது. இந்த மாசம் ஒரு வீடு கூடத் தப்பலைங்கறது எனக்கு எவ்வளவு பெரிய சமாதானம் தெரியுமா? அடுத்த மாசம் வரட்டுமா? நீ வான்னு எழுதலை. வேணும்னா வெச்சுக்கோன்னுதான் எழுதியிருக்கே.

சேஷு

மயூர் விஹார்
16 ஆகஸ்ட் 2025

சேஷு,

ஆகஸ்ட் தாள் கிடைச்சுடுத்து. உப்பு ஜாடிக்கு அடியில இருந்தது. ராஜி நேத்து ஜாடியைக் கழுவறதுக்கு நகர்த்தினா. உப்புத் தண்ணியில ஓரமெல்லாம் அரிச்சிருக்கு. நடுவுல நன்னா இருக்கு.

மாலா படிக்கப் படிக்க நான் அன்னிக்கு எழுதின லிஸ்ட்டோட ஒத்துப் பார்த்துண்டு வந்தேன். காத்தவராயன் சொன்ன பதினாறு வீடும் இருந்தது. ஒண்ணு கூட மாறலை. எனக்குப் பெருமையா இருந்தது. உனக்கு எப்படி எழுதணும்னு கூட மனசுக்குள்ள யோசிச்சுண்டேன், நல்லா குத்தி எழுதணும்னு.

அப்பறம் மாலா, “மாமி, பதினேழாவது ஒண்ணு இருக்கு. இதுக்கு போன் நம்பரும் இல்லை, இலைக் கணக்கும் இல்லை. யார் வீடு இது?”ன்னா.

பதிமூணாம் தேதிக் கட்டம். போன வருஷம். ஆடி மாசம், சுக்ல பக்ஷ நவமி. என் கையெழுத்துல ஒரே ஒரு வார்த்தை. அம்மா.

பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். இந்த வருஷம் அது ஆகஸ்ட் ரெண்டாம் தேதி வந்துட்டுப் போயிடுத்து. சனிக்கிழமை. அன்னிக்கு நான் என்ன பண்ணிண்டிருந்தேன்னு உனக்கே எழுதியிருக்கேன். எடுத்துப் பாரு. திதி நாள்ல தொடக் கூடாத வெங்காயத்தைத் தூவிண்டு சாப்பிட்டேன்னு எழுதியிருக்கேன். நிம்மதியா சாப்பிட்டேன்னு எழுதியிருக்கேன்.

சேஷு, ஊர் பூரா உள்ள அம்மா அப்பாவுக்கு நாள் பார்த்துச் சொல்றவ நான். அந்த வாரம் பதினாறு வீட்டுக்கு போன் பண்ணச் சொன்னவ நான். நம்ம அம்மா உன் லிஸ்ட்லயும் இல்லை. ஏன்னா அவ வாடிக்கைக்காரி இல்லை. காத்தவராயனுக்கும் தெரியலை. ஏன்னா அவன் டப்பா கொண்டு போன வீடு இல்லை அது. மெசேஜ் அனுப்பறதுக்கும் யாரும் இல்லை. வாத்தியார், நாம சொல்லுவோம்னு இருந்திருக்கார். பண்ண வேண்டியவன் நீ, உனக்குச் சொல்ல வேண்டியவ நான். நீ நான் சொல்லுவேன்னு இருந்தே. நான் காலண்டர் சொல்லும்னு இருந்தேன். காலண்டர் உப்பு ஜாடிக்கு அடியில இருந்தது.

பிரதீப்போட அம்மா கேட்டதேதான் எனக்கு ஓடிண்டே இருக்கு. இந்த வருஷம் ஒண்ணுமே போகலையா?

உன்னைத் திட்டறதுக்கு எழுத உக்காரலை. எத்தனை நாளா திட்டறேன், இன்னிக்குத் திட்டு வரலை. நீ எழுதினே, ரெண்டு பேர் பார்த்தா எதுவும் தப்பாதுன்னு. ரெண்டு பேரும்தான்டா பார்க்கலை.

வாத்தியாரைக் கேட்டேன். திதி தப்பிப் போனா அமாவாசையில பண்ணலாம்னார். வர்ற வெள்ளிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி. இந்தக் கடுதாசி உனக்குச் செவ்வாய் இல்லேன்னா புதன்கிழமை வந்துடும். பிரியதர்ஷினியைத் தனியா விட முடியாதுன்னா அவளையும் கூட்டிண்டு வா, முடியலேன்னா அவ மாமியாரை ரெண்டு நாள் வந்து இருக்கச் சொல்லு. நீ வரணும். இதை “வேணும்னா வெச்சுக்கோ”ன்னு எழுதலை. வான்னு எழுதறேன்.

மாலாவோட புது நோட்டுல முதல் பக்கத்துல முதல் வரியை நானே எழுதினேன். ஆடி, சுக்ல பக்ஷம், நவமி, அம்மா. போன் நம்பர் கட்டத்துல உன் நம்பர், என் நம்பர் ரெண்டையும் எழுதினேன். இலை எத்தனைன்னு ராஜி கேட்டா. நீ வருவியா மாட்டியான்னு தெரியாம என்ன கணக்குச் சொல்றது? அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கேன்.

மாலாகிட்ட போனைக் கொடுத்து பிளாக்கை எடுக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கலை. நானே கூப்பிட்டிருக்கலாம், ரெண்டு தடவை நம்பரைப் போட்டுட்டு வெச்சுட்டேன். இதை வாயால சொல்ல முடியலை, அதான் எழுதறேன்.

பதில் எழுதாதே. போன் பண்ணி, இலை எத்தனைன்னு மட்டும் சொல்லு.

அக்கா